மதுரை வட்டாரத்தில் மான்கொம்பு வண்டு தேடல்: இதுவரை அறிந்தவை

ஆணின் தாடைகள் மான்கொம்பு போல நீண்டிருக்கும் மான்கொம்பு வண்டை மதுரைச் சமவெளியில் தேடி அலைவதால் அநேகமாகப் பயன் இராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் புழு மட்கிய மரத்தைத் தின்று மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில் வளர்வது. விழுந்த மரம் ஈரம் காயாமல் கிடந்து மட்குவதற்கு மழையும் நிழலும் வேண்டும்; நம் கண்மாய்க் கரைகளில் விழுகிற மரமோ அதற்குள் கரையானுக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. ஆயினும் தேடலைச் சமவெளியில் தொடங்கியது நல்லதாயிற்று. மான்கொம்பு வண்டு என்று நண்பர்கள் கைபேசியில் காட்டுகிற படங்களில் இருப்பவை பெரும்பாலும் இங்குள்ள வேறு வண்டுகளே; அவற்றை நன்றாக அறிந்த பிறகுதான் மலையில் கண்டதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அவற்றில் முதலாவது காண்டாமிருக வண்டு. சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், குருத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துக் காட்டிய பெரியவர், "இதைத் தேடியா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க எருக்குழியைக் கிண்டுனா புழு அள்ள அள்ளக் கெடக்குமே" என்றார். அவர் சொன்னது சரிதான். இதன் புழுக்கள் எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும்தான் வளர்கின்றன. வளர்ந்த வண்டு 35 முதல் 50 மி.மீ. வரை நீளும். அதன் கொம்பு ஒற்றைக் கொம்பு, தலையின் மேல்பகுதியிலிருந்து எழுந்து பின்னோக்கி வளைவது, அசைக்க முடியாதது. மான்கொம்பு வண்டின் 'கொம்பு' உண்மையில் வாயின் இரு தாடைகள் நீண்டு வளர்ந்தது; ஆகவே அது இரண்டாக இருக்கும், பக்கவாட்டில் திறந்து மூடும். பெண் காண்டாமிருக வண்டுக்குக் கொம்பு குட்டையாக இருப்பதோடு, வயிற்றின் நுனியில் செம்பழுப்பு மயிர்க் கற்றையும் உண்டு.

அழகர்கோவில், நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் கிடைக்கும் தண்டுத் துளைப்பான் என்னும் நீள்கொம்பு வண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிற உடல், கழுத்துப் பகுதியில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள், உடலை விடவும் நீண்ட உணர்கொம்புகள். கையில் பிடித்தால் கிறீச்சிடும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கவனம் தேவைப்படுவது அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த அகாந்தோஃபோரஸ் என்னும் பெரிய கரும்பழுப்பு வண்டுக்குத்தான். அதன் ஆணுக்குத் தாடைகள் பெரியவை, முன்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை. தாடையை மட்டும் பார்த்தால் எவரும் அதை மான்கொம்பு வண்டு என்றே சொல்லிவிடுவார்கள்.

ஆகவே நான் இப்போது தாடையைப் பார்ப்பதற்கு முன் உணர்கொம்பைப் பார்க்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். மான்கொம்பு வண்டின் உணர்கொம்பில் முதல் கணு நீளமானது. அதையடுத்து முழங்கை மடங்குவது போல் ஒரு வளைவு. நுனியில் சில கணுக்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சீப்புப் பல் போல நீண்டிருக்கும். அந்தப் பற்களை அதனால் ஒன்றோடொன்று சேர்த்து மூட இயலாது. காண்டாமிருக வண்டோ நுனித் தகடுகளை நெருக்கமாக மூடிக்கொள்ளவும் விரிக்கவும் வல்லது. நீள்கொம்பு வண்டுகளுக்கு இப்படி நுனியில் மட்டும் திரண்ட பற்கள் இல்லை.

சிறுமலையில் காப்பித் தோட்டம் ஒன்றின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, விழுந்து மட்கிக் கிடந்த பலாக்கட்டையைப் புரட்டியபோது இந்த வழக்கம் மிகவும் உதவியது. (கட்டையை எப்போதும் நம்மை நோக்கிப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் அது எதிர்ப்பக்கமாகப் போய்விடும்.) உள்ளே பளபளக்கும் கருநிறத்தில், சிறகின் மேல் நீளவாக்கில் வரிவரியான பள்ளங்களோடு, தட்டையான வண்டுகள் சில புழுக்களுடன் சேர்ந்தே வாழ்ந்துகொண்டிருந்தன. நிறமும் வடிவமும் மான்கொம்பு வண்டின் பெண்ணை ஒத்திருந்தாலும், உணர்கொம்பில் முழங்கை மடிப்பு இல்லை. அது சுருண்டு வளைந்திருந்தது. பெற்றோரும் புழுவும் ஒரே கட்டையில் கூடி வாழ்வது பசாலிட் என்னும் வண்டுக் குடும்பத்தின் இயல்பு. அவற்றின் புழுவை லென்ஸில் பார்த்தால் இரண்டு இணைக் கால்களே தெரியும். மூன்றாவது இணை மிகச் சிறுத்து, ஒலி எழுப்புவதற்கு மட்டும் பயன்படுகிறது. தேடியது அதுவன்று என்றாலும் அந்தக் கட்டையின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மான்கொம்பு வண்டு கிடைத்தது மேகமலையில்தான். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நேரத்தில், சின்னமனூர் வழியாக மேலேறி, தங்கியிருந்த அறையின் வராந்தா விளக்கருகே காத்திருந்தேன். தூறல், காற்றில்லாத இரவு. எட்டு மணிக்கு மேல் கனமான வண்டு ஒன்று சுவரில் மோதித் தரையில் விழுந்தது. தலையும் கழுத்தும் பளிச்சிடும் கருப்பு. சிறகுகள் செம்மஞ்சள், அவை சேரும் நடுக்கோட்டை ஒட்டி மட்டும் கருப்பு. தூக்காமல், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தேன். தாடையோடு சேர்த்து ஏறக்குறைய 7 செ.மீ. இருந்தது. உணர்கொம்பில் முழங்கையும் சீப்புப் பற்களும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. நிறத்தைக் கொண்டு தென்னிந்திய மலைகளுக்குரிய ஒடோன்டோலாபிஸ் பர்மைஸ்டரி என்று குறித்துவைத்திருக்கிறேன்.

தாடையின் நீளத்தைக் கொண்டு இனத்தைப் பிரிக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒடோன்டோலாபிஸ் பேரினத்தில் ஒரே இனத்து ஆண்களிலேயே நீண்ட தாடை, நடுத்தரத் தாடை, குட்டைத் தாடை உடையவை உண்டு. பற்களின் அமைப்பும் அதற்கேற்ப மாறும். புழுப் பருவத்தில் கிடைத்த உணவும் அதனால் அமைந்த உடல் அளவுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். அருகருகே வைத்தால் வெவ்வேறு இனங்கள் என்றே தோன்றும்.

மறுநாள் காலையில் அதே விளக்கின் அடியில், ஏதோ பறவை தின்று போட்ட தலையும் இரண்டு சிறகுகளும் கிடந்தன. தாடை மிகக் குட்டை. சிறகின் நிறமோ முந்தைய இரவில் கண்டதே. பெண்ணாக இருக்கலாம், குட்டைத் தாடை ஆணாகவும் இருக்கலாம். அந்தத் துண்டுகளைக் கொண்டு முடிவு செய்ய நான் விரும்பவில்லை, படத்தை மட்டும் தேதியோடு சேர்த்துவைத்திருக்கிறேன். அது காப்புக்காடு சூழ்ந்த இடம் என்பதால் எதையும் எடுத்து வரவில்லை, கட்டை எதையும் புரட்டவும் இல்லை. அடுத்த மழைக்கு அங்கேயே, மரப்பட்டையில் சாறு கசியும் இடங்களைத் தங்குமிடத்து வளாகத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மரச்சாற்றைக் குடிக்க ஆணும் பெண்ணும் ஒரே இடத்துக்கு வருவதால், பெண்ணை உயிரோடு பார்த்து உறுதிப்படுத்த அதுவே நல்ல வழி.