குறிப்பு என்ற கடைசிக் கட்டம்

காவிரியின் கர்நாடகப் பகுதியில், மேகேதாட்டுக்கு மேலே இருந்த ஒரு தூண்டில் முகாமில் ஆறு ஆண்டுகள் கணக்கெழுதினேன். அரிசி, டீசல், கூலி எழுதத்தான் என்னை எடுத்தார்கள். மீன் பதிவேடு தானாக வந்து தலையில் விழுந்தது. தேதி, தூண்டில் போட்ட நேரம், மடுவின் பெயர், எடை, கடைசியாகக் குறிப்பு. பிடித்த மஹ்சீரை, அதாவது அந்தப் பெரிய ஆற்று மீனை, எடை பார்த்து, தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அது தெளிந்ததும் விட்டுவிட வேண்டும். தாங்கள் தின்னப்போகாத மீனுக்குக் கேழ்வரகுக் களியை உருட்டிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருக்கிறார்களே என்று ஊரில் அம்மா சிரித்தார். நானும்தான்.

எங்கள் பரிசல்காரர் ஒரு காலத்தில் இதே மடுக்களில் வெடி போட்டவர். ஒரு வெடிக்குப் பெரியது, குஞ்சு எல்லாமே சாகும், கைக்குக் கிடைப்பது கொஞ்சம், மீதி ஆற்றோடு போகும் என்று அவரே சொல்வார். தூண்டில்காரர்கள் கட்டிய பணத்தில்தான் அவருக்கும் இரவுக் காவலுக்கும் சம்பளம். எங்கோ வெடிச் சத்தம் கேட்டால் எந்த மடு என்று படுத்தபடியே சொல்லிவிடுவார். அவரை மாற்றியது மீன் மேல் வந்த பாசமா, மாதச் சம்பளமா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சம்பளம் என்றுதான் சொல்லியிருப்பார்.

“எடையை மட்டும் எழுதினால் எப்படித் தம்பி? துடுப்பு என்ன நிறம் என்றும் எழுது” என்று நச்சரிப்பார். முதுகில் திமிலும் ஆரஞ்சுத் துடுப்பும் உள்ளது இந்த ஆற்றின் சொந்த மீன். ஐம்பது கிலோவையும் தாண்டும். நீலத்துடுப்பு வந்தேறி. மீன் குறைகிறதே என்ற கவலையில், மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் பொரித்த நீலத்துடுப்புக் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டவர்களில் தூண்டில்காரர்களும் உண்டு. அக்கறையோடு செய்த தவறு. எனக்கோ இரண்டும் மீன்தான். சில நாள் எழுதினேன், பல நாள் குறிப்பை வெறுமையாக விட்டேன்.

2012-க்குப் பிறகு, முகாம் இருந்த காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்றாகிவிட்டது. வனவிலங்குச் சட்டத்தின் கண்ணில் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுவதும் பிடிப்பதுதான். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காவலுக்குப் பணம் தந்தவர்களும் அதோடு போய்விட்டார்கள்.

2015-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்களுடையது அல்ல, இதே ஆற்றில் இருந்த கலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையான பதிவுகள், 6,161 மீன்கள். பிடிபடும் எண்ணிக்கை கூடியிருக்கிறது, சராசரி எடை குறைந்திருக்கிறது, கூடியது நீலத்துடுப்புதான், திமில் மீன் மறைந்துகொண்டே வந்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் ஆறு செழிக்கிறது என்று நம்பியிருப்பார்கள். 2018-இல்தான் அந்தத் திமில் மீன் டோர் ரெமாதேவி என்ற இனம் என்று உறுதியானது. அதே ஆண்டு மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் ஏறியது. மோயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த ஆய்வைப் படித்த வாரமே பழைய அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பதிவேடுகளை எடைக்குப் போட்டு வெகுநாள் ஆகிவிட்டதாம். பரிசல்காரரிடம் சொன்னேன்.

“குறிப்பு எழுதியிருந்தாயா?” என்று மட்டும் கேட்டார்.