பரம்பரைத் துவக்கொன்றைச் சீராக்கிய விதம்

வாரிசாக வந்த பழைய துவக்கை, அதாவது துப்பாக்கியை, கையில் எடுத்ததும் துடைக்கத் தொடங்கக் கூடாது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எங்களிடம் வந்தது 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல். குழல் நீளம் 30 அங்குலம். குதிரைகள், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்கள், இரண்டும் வெளியில் இருந்தன. விசையைச் சுற்றியுள்ள காப்புக்குக் கீழே இருக்கும் நெம்பைப் பக்கவாட்டில் திருப்பினால் திறக்கும். பர்மிங்காமின் ஹென்றி ஜோன்ஸ் 1859இல் காப்புரிமை பெற்ற பூட்டு அது. அந்த நெம்பு துருவில் இறுகிப்போயிருந்தது. திறக்க முடியாத துவக்கில் தோட்டா இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும்.

மெல்லிய மரக்கோலொன்றைக் குழல்வாய் வழியாக அடி வரை விட்டு, வாயருகே பென்சிலால் அடையாளமிட்டோம். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தோம். கோல்முனை குழலின் அடியைத் தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டரை அங்குலம் முன்னதாகவே நின்றால் தோட்டா இருக்கலாம். அப்படியானால் கோலால் இடிக்காமல் அப்படியே துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டும். எங்கள் துவக்கில் வலது குழல் வெறுமையாக இருந்தது. இடது குழலில் கோல் ஓர் அங்குலம் முன்னதாக நின்றது, ஆனால் கோல்முனை மெத்தென்று இறங்கியது. உள்ளே இருந்தது மண்குளவி கட்டிய கூடு.

அடுத்து அனுமதிப்பத்திரம். இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் அது தானாக வாரிசின் பெயருக்கு மாறாது. சுடப்போவதில்லை, சுவரில் மாட்டத்தான் என்றாலும் பத்திரம் வேண்டும். இதை முடிக்காமல் துவக்கைக் காரில் வைத்துக்கொண்டு கொழும்புக்குள் எந்தப் பட்டறைக்கும் போகாதீர்கள். பத்திரத்திலிருக்கும் இலக்கமும் இரும்பிலிருக்கும் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். துரு மூடிய இலக்கத்தின் மேல் வெள்ளைச் சோக்கைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் ஒருமுறை துடைத்தால் பள்ளத்தில் தங்கிய வெண்மையில் எழுத்துத் தெரியும். அந்த இடத்தில் அரத்தாளோ பொலிஷ் சக்கரமோ படவே கூடாது. இலக்கம் அழிந்த துவக்கு உங்களுக்கும் தொல்லை, உங்களுக்குப் பின் வருபவருக்கும் தொல்லை.

குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தால் அடித்தட்டில், குழலின் வலிமையைச் சோதித்த சாலையின் முத்திரைகள் இருக்கும். துவக்கின் வயதை இவைதான் சொல்லும். கடைக்காரர் சொல்லும் வயதை நம்ப வேண்டாம். குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் மேலே கிரீடமும் இருந்தால் அது 1904க்கு முந்திய பர்மிங்காம் முத்திரை. எங்களுடையதில் அதோடு ‘நொட் ஃபோர் போல்’ என்றும் பொறித்திருந்தது. வாய் ஒடுக்கப்பட்ட குழல் இது, ஒற்றைக் குண்டு போடாதே என்று பொருள். இந்தச் சொற்கள் 1875 முதல் 1887 வரை மட்டுமே பொறிக்கப்பட்டன. ஆகவே காலம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது.

நைட்ரோ (புகையில்லா வெடிமருந்து) முத்திரை இல்லை. அதாவது இந்தக் குழல் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. குழலும் டமாஸ்கஸ் வகை. இரும்பையும் எஃகையும் கீலமாக்கி முறுக்கி, கோலில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. தோட்டா அமரும் அறையின் நீளமோ இரண்டரை அங்குலம், ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இன்று கடையில் கிடைக்கும் 70 மில்லிமீற்றர் தோட்டா இதற்குள் சிக்கலில்லாமல் போய்விடும், ஆபத்தும் அங்கேதான். 70 என்பது சுட்டு வாய் விரிந்த பின் உள்ள நீளம். அறை குட்டையாக இருந்தால் விரியும் வாய் முன்னாலுள்ள ஒடுக்கத்தில் போய் அடைத்து அமுக்கத்தை ஏற்றிவிடும். ஆகவே இதைச் சுடுவதில்லை, அழகாகப் பேணுவது மட்டுமே என்று அன்றே முடிவெடுத்தோம். பிறகு செய்த ஒவ்வொரு வேலையும் அந்த முடிவை ஒட்டியது.

இரு குழல்களையும் இணைக்கும் பட்டி ஈயப்பற்றால் ஒட்டப்பட்டது. அது உறுதியாக இருக்கிறதா என்று காதால் அறியலாம். கழற்றிய குழல்களை அடிக் கொளுவியால் ஒரு விரலில் தொங்கவிட்டு மரக் கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. வெடித்த சட்டியைத் தட்டியது போல ஒலித்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. எங்களுடையது நடுவாந்தரமாக ஒலித்தது. காரணம் பிறகு கொதிநீரில் தெரிந்தது.

குதிரைகளை இயக்கும் பூட்டுகளைக் கழற்றும் வேலை அனுமதி பெற்ற திருத்துநரின் மேசையில் நடந்தது. அங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் திருகாணித் தலைதான். அந்தக் காலத் துவக்குகளின் திருகாணிப் பிளவு மிக ஒடுக்கமானது. பழைய சோனகத் தெருவில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூட்ரைவரின் நுனி ஆப்பு வடிவில் இருக்கும். அது பிளவின் விளிம்பில் மட்டும் பிடித்து மேலேறி, தலையைக் கிழித்துவிடும். நுனியின் இரு பக்கங்களையும் இணையாகத் தேய்த்து, பிளவை இறுக நிரப்பும்படி ஆக்கிய பிறகே தொட வேண்டும். அசிட்டோனும் கியர்பெட்டி எண்ணெயும் சமபங்கு கலந்து, இரண்டு நாட்கள் காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு விட்டோம். அதற்கும் மசியாத ஒன்றின் தலையில் சூடான பற்றாசுக்கோலை ஒரு நிமிடம் வைத்ததும் இளகியது. ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கென்றே செய்தது. அட்டையில் துவக்கின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

துவக்கின் பிடியான கட்டை வால்நட் மரம். பூட்டுகளை ஒட்டிய பகுதி பல தசாப்த எண்ணெய் ஊறிக் கறுத்து, நகம் பதியும் அளவுக்கு மெதுமையாகியிருந்தது. அசிட்டோனில் சோக்குத்தூளைக் குழைத்து அரை அங்குலத் தடிப்பில் பூசினோம். காய்ந்த பசை எண்ணெயை உறிஞ்சித் தேயிலைச் சாயம் போல மாறும். தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். ஆறாவது பூச்சில்தான் பசை வெள்ளையாகவே நின்றது. கழுத்திலிருந்த கீறலுக்கு அதன் பிறகே அரல்டைட் பசை வைத்தோம். எண்ணெய் இருக்கும்போது ஒட்டினால் சில மாதங்களில் பிரிந்துவிடும். நசுங்கிய இடங்களில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியின் முனையால் அழுத்தினால் நார் எழும்பும். அரத்தாளால் தேய்த்துச் சமமாக்கப் போனால் மரம் இரும்பை விடத் தாழ்ந்துவிடும். அதைத் திருப்பி எடுக்க முடியாது.

இனிக் குழல். இங்கே பலர் செய்யும் பிழை, மோட்டார்ச் சைக்கிள் உதிரிப்பாகங்களைப் போலச் சூடான காரக் கரைசலில் போட்டுக் கறுப்பாக்குவது. காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும். பட்டி கழன்று, குழல்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். இரட்டைக் குழலுக்குத் துருவால் நிறமேற்றும் பழைய முறைதான் பொருந்தும். கொதிநீர் 100 பாகைதான், ஈயப்பற்று இளக 180 பாகைக்கு மேல் வேண்டும்.

பழந்துருவை மண்ணெண்ணெயும் நான்கு சைபர் (மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சும் கொண்டு எடுத்தோம். தடித்த பொருக்கைச் செப்புத் தகட்டின் விளிம்பால் சுரண்டினோம். செப்பு எஃகைக் கீறாது. பின் அசிட்டோனால் இருமுறை துடைத்தோம். அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது. ஒரு விரல் ரேகை போதும், அந்த இடத்தில் நிறம் ஏறாது.

துருநீருக்கு, கபோஸ் லேனின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நவச்சாரம் 5 கிராமை 100 மில்லிலீற்றர் வடிநீரில் கரைத்தோம். பஞ்சைப் பிழிந்து, ஈரம் தெரியாத அளவுக்கு ஒரே வீச்சில் பூச வேண்டும். நீர் வழிந்தால் அந்தக் கோடு கடைசி வரை நிற்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் ஈரப்பெட்டிக்குள் 12 மணித்தியாலம் வைக்கச் சொல்கின்றன. கொழும்புக் காற்றுக்கு ஈரப்பெட்டியே வேண்டாம். முதல் சுற்றில் இரவு முழுதும் விட்டதால் துரு புள்ளிபுள்ளியாகக் குழிவிட்டது. அதைத் தேய்த்தெடுக்க ஒரு நாள் போனது. பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடவில்லை.

மெல்லிய செம்மஞ்சள் துரு படிந்ததும், 36 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் 20 நிமிடம் கொதிக்க வைத்தோம். செந்துரு கண்முன்னே கறுந்துருவாக மாறும். குழலின் ஒரு முனையை மட்டுமே மரத்தக்கையால் அடைத்தோம். இரு முனையும் அடைத்தால் உள்காற்று விரிந்து தக்கையைத் தள்ளிவிடும், சுடுநீர் தெறிக்கும். தக்கையில் எண்ணெய் பூசினாலும் அது நீரின் மேல் படர்ந்து குழலில் ஒட்டிவிடும். முதல் கொதியிலேயே பட்டியின் ஓரிடத்திலிருந்து சிறுகுமிழிகள் வரிசையாக வந்தன. மணியோசை மங்கியிருந்த காரணம் அதுதான். அந்த அங்குலத்தைத் திருத்துநர் பற்றவைத்த பின்பே தொடர்ந்தோம்.

கொதித்து ஆறியதும் எஃகுப் பஞ்சால் வெல்வெட் போன்ற கறுப்பை உரசினால் கீழே சாம்பல் நிறம் தங்கியிருக்கும். எட்டுச் சுற்றுகளில் அது ஆழமான கறுப்பானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்னணுக் கடைகளில் சர்க்கியூட் பலகைக்கு விற்கும் ஃபெரிக் குளோரைட்டில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, கையுறையோடு, பஞ்சால் 10 விநாடி ஓட்டினோம். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளிச் சுருள்கள் எழுந்தன. நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொரு சுருளும் உடைந்த நத்தை ஓட்டின் உட்புறம் போல, ஒன்றன் அருகே ஒன்றாகக் குழல்வாய் வரை ஓடுகிறது. உடனே அப்பச்சோடாக் கரைசலில் கழுவ வேண்டும். தாமதித்தால் கறுப்பு முழுதும் போய்விடும்.

கட்டைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஐந்தாறு சொட்டு உள்ளங்கையில் எடுத்துச் சூடேறும் வரை தேய்த்தோம். வெயில் நாட்களில் இரு பூச்சுக்கிடையே ஒரு நாள் போதும். ஐப்பசி மழையில் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. காயாமல் அடுத்ததைப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் கடல் உப்பு வீட்டுக்குள்ளேயே வரும். தோலுறையிலோ துணியுறையிலோ வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். குழலுக்கு மெழுகு, பூட்டுக்கு ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய், அலுமாரிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ. மாதமொருமுறை எடுத்துத் துடையுங்கள். நிறுத்தும்போது குழல்வாய் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் பூட்டு எண்ணெய் மறுபடியும் கட்டைக்குள் இறங்கும், ஆறு பூச்சில் எடுத்த அதே எண்ணெய்.