இடது பின் கதவு மட்டும் பூட்டல: மூணு ஞாயித்துக்கிழமை போன கதை

ரிமோட்ல லாக் அமுக்குனா மூணு கதவு டக்குனு பூட்டிக்குது, இடது பக்க பின் கதவு மட்டும் "ட்டிக்"னு ஒரு முனகல், அவ்வளவுதான், லாக் நாப் அசையவே மாட்டேங்குது. மொதல்ல வாரத்துல ஒரு தடவை இப்படி பண்ணுச்சு, அப்புறம் தினமும். ஆபீஸ் பார்க்கிங்ல நிறுத்திட்டு லிஃப்ட் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து அந்த கதவ கையால அமுக்கி பூட்டிட்டு போறதே வேலையா போச்சு.

வண்டி 2013 மாடல் ஹேட்ச்பேக், பேஸ் வேரியன்ட். கம்பெனில சென்ட்ரல் லாக் (எல்லா கதவையும் ஒண்ணா பூட்டுறது) கிடையாது, வாங்குன புதுசுல வெளிய ஒரு ஆக்சஸரீஸ் கடைல போட்டது. அதனால உள்ள இருக்குறது எல்லாம் சிம்பிளான சாமான் தான். டிரைவர் கதவுல அஞ்சு வயர் கன், மத்த மூணு கதவுலயும் ரெண்டு வயர் கன். கன்னு சொல்றது அந்த துப்பாக்கி மாதிரி இருக்குற குட்டி மோட்டார் டப்பா, கடைல போய் ஆக்சுவேட்டர்னு கேட்டா முழிப்பாங்க, கன்னு கேட்டா உடனே எடுத்து வைப்பாங்க. ரெண்டு வயர் கன்ல பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணு. சும்மா இருக்கும்போது ரெண்டுமே எர்த்துல இருக்கும், லாக் அமுக்குனா ஒரு வயர்ல ஒரு செகண்டுக்கும் கம்மியா 12 வோல்ட் வந்துட்டு போயிடும், அன்லாக் அமுக்குனா அதே 12 வோல்ட் இன்னொரு வயர்ல வரும். மோட்டார் ஒரு தடவை முன்னாடி தள்ளும், ஒரு தடவை பின்னாடி இழுக்கும். டிரைவர் கதவுல மட்டும் கூட மூணு வயர் எதுக்குன்னா அது சுவிட்சு, சாவி போட்டு திருப்புனத யூனிட்டுக்கு (எல்லா கன்னுக்கும் கரண்ட் அனுப்புற டப்பா) சொல்றதுக்கு.

மத்த மூணு கதவும் வேலை செய்யுதுன்னா ஃபியூஸ், யூனிட், ரிமோட் மூணுமே நல்லாதான் இருக்கணும். மிச்சம் இருக்குறது அந்த கதவுல இருக்குற கன், இல்லன்னா அதுக்கு போற வயர். வொர்க்‌ஷாப்ல கேட்டதுக்கு நாலு கன்னையும் மாத்திடலாம் சார், 2800 ஆகும்னாங்க. ஒரு கதவு போனதுக்கு எதுக்குய்யா நாலுன்னு வந்த கோவத்துல தான் இத நானே கழட்டுறதுன்னு முடிவு பண்ணேன். கோவத்துல எடுக்குற முடிவு எப்படி இருக்கும்னு கீழ படிங்க.

மொத ஞாயிறு. டோர் ட்ரிம் (கதவோட உள்பக்க பிளாஸ்டிக் பலகை) கழட்டணும். கைப்பிடி குழிக்குள்ள ஒரு ஸ்க்ரூ, உள் ஹேண்டில் பின்னாடி ஒண்ணு, அது ஈஸி. பேஸ் வேரியன்ட்ங்கிறதால பின் கதவுல கண்ணாடி ஏத்துறதுக்கு கையால சுத்துற ஹேண்டில் தான், அத கழட்டுறதுல தான் அரை மணி நேரம் போச்சு. வெளிய ஸ்க்ரூவே தெரியாது, ஹேண்டிலுக்கு பின்னாடி குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் புடிச்சிட்டு இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நோண்டாதீங்க, ட்ரிம் கீறல் விழும். பழைய காட்டன் துணிய ஹேண்டிலுக்கும் ட்ரிமுக்கும் நடுவுல விட்டு, ஷூ பாலிஷ் போடுற மாதிரி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இழுத்தா துணி அந்த கிளிப்ப கவ்வி வெளிய தள்ளிடும். தள்ளுச்சு. தள்ளுன வேகத்துல பறந்து போய் எதிர் வீட்டு ஸ்கூட்டர் அடில விழுந்துச்சு, அத தேட இன்னொரு கால் மணி நேரம். ஆதம்பாக்கத்துல எங்க தெரு எவ்வளவு குறுகலுன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், நான் தரைல படுத்து தேடும்போது மூணு பைக் ஹாரன் அடிச்சிட்டு போச்சு.

ட்ரிம்ம சுத்தி பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அகலமான எதையாவது விட்டு ஒவ்வொண்ணா நெம்பணும். எனக்கு ஆறு உடைஞ்சுது. வயசான பிளாஸ்டிக், மெட்ராஸ் வெயில்ல காஞ்சு முறுக்கு மாதிரி ஆயிருக்கு, எப்படி எடுத்தாலும் உடையும்னு நெனைச்சிக்கிட்டேன். உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்பு கோந்து வச்சு ஒட்டி இருக்கும், அத கிழிக்காம மெதுவா உரிச்சு மேல மடிச்சு டேப் போட்டு வச்சிக்கோங்க. கண்ணாடி ஓரமா மழைத் தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், இறங்குறது அடில இருக்குற ஓட்டை வழியா வெளிய போயிடும், அது டிசைனே அப்படித்தான். அந்த ஷீட் தான் தண்ணி வண்டிக்குள்ள வராம தடுக்குது. எங்க கடைக்காரர் கன் மாட்டும்போது அத பிளேடால கிழிச்சிட்டு அப்படியே விட்டிருந்தாரு, நவம்பர் மழைல பின் சீட் கால் மேட் ஏன் எப்பவும் ஈரமாவே இருந்துச்சுங்கிற கேள்விக்கு இத்தன வருஷம் கழிச்சு பதில் கெடைச்சுது.

கன்னோட வயர்ல ஜாயின்ட்ட பிரிச்சு (முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருந்தாங்க, டேப் பூரா பிசுபிசுன்னு) மல்டிமீட்டர் வச்சேன். பொண்ணு கைல ரிமோட்ட குடுத்து அமுக்க சொன்னேன். பல்ஸ் வந்துட்டு உடனே போயிடுறதால மீட்டர் ஒழுங்கா புடிக்கல, ஒரு தடவ 7, ஒரு தடவ 9ன்னு காட்டுச்சு. மேக்ஸ் ஹோல்ட் (வந்ததுலயே பெரிய அளவ புடிச்சு காட்டுறது) போட்டு பார்த்தா 11.9. சரி, கரண்ட் வருது, கன் தான் செத்துப்போச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டேன். கன்ன கழட்டி நேரா பேட்டரில வச்சு பார்த்திருக்கலாம். தோணல. வெயில் ஏறிடுச்சு, பசி வேற.

ரெண்டாவது ஞாயிறு. நடுவுல ஒரு நாள் ஜிபி ரோடு (வண்டி சாமான் விக்கிற கடைத்தெரு) போய் ரெண்டு வயர் கன் ஒண்ணு 380க்கு வாங்குனேன், உடைஞ்ச கிளிப்புக்கு பதிலா ஆறு கிளிப் 60 ரூவா. புது கன்ன பழைய ஓட்டைலயே மாட்டி, அதோட கம்பிய லாக் ராடோட (லாக் நாப்ப அசைக்கிற கம்பி) கிளாம்ப்ல சேர்த்தேன். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், கன்னும் லாக் ராடும் ஒரே கோட்டுல இருக்கணும், கோணலா இருந்தா தள்ளுற பலம் பூரா சைடுல போயிடும். கன்னோட தண்டு மொத்தமே 2 செ.மீ. கிட்ட தான் போயிட்டு வரும், அதனால லாக் பாதில நிக்கும்போது தண்டும் பாதில நிக்குற மாதிரி பார்த்து கிளாம்ப்ப இறுக்கணும், இல்லன்னா ஒரு பக்கம் எட்டாது. இதெல்லாம் கரெக்டா பண்ணிட்டு, கதவோட ஓரத்துல ரெண்டு எடத்துல கைய வேற கீறிக்கிட்டு (உள்ள இருக்குற தகரம் பிளேடு தான், கிளவுஸ் போடுங்க), பெருமையா ரிமோட்ட அமுக்குனா,

ட்டிக்.

அதே முனகல். புது கன். அப்பதான் பழைய கன்ன எடுத்துட்டு போய் பேட்டரில ரெண்டு வயர் குடுத்து தொட்டேன், டமார்னு தண்டு வெளிய வந்து என் கட்டை விரல்ல குத்துச்சு. ஒண்ணுமே ஆகல அதுக்கு. ஆத்திரத்துல பிரிச்சு வேற பார்த்தேன், ஒரு குட்டி டிசி மோட்டார், வெள்ளை நைலான் பல் சக்கரம், கிரீஸ் மட்டும் மெழுகு மாதிரி கெட்டியாயிருந்துச்சு. தொடைச்சு புதுசு தடவி மூடிட்டேன். 380 ரூவா போச்சு, பிரச்சனை மட்டும் கதவுலயே இருக்கு.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. கதவ சாத்தி டெஸ்ட் பண்ணிட்டு உள்ள இருந்து திறந்தா திறக்கல. உள் ஹேண்டில் லூசா ஆடுது. ராட் கழண்டுடுச்சு, இனி கதவு திறக்காதுன்னு வேர்த்து ஊத்திடுச்சு. கடைசில பார்த்தா வேலை செய்யும்போது கதவு விளிம்புல இருக்குற சைல்டு லாக்க (உள்ள இருந்து திறக்க விடாதது) முழங்கையாலயோ எதாலயோ தட்டி விட்டிருக்கேன். வெளிய இருந்து திறந்தா சாதாரணமா திறக்குது. இதுல இருந்து ஒண்ணு பழகிக்கிட்டேன், கதவ சாத்தாமலே டெஸ்ட் பண்றது: லாட்ச்ல (கதவு விளிம்புல இருக்குற பூட்டு) இருக்குற கொக்கிய ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு கிளிக் தள்ளுனா கதவு மூடுன மாதிரி ஆயிடும், ஹேண்டில இழுத்தா விட்டுடும். கொக்கிய விடுவிக்காம கதவ சாத்த மட்டும் போயிடாதீங்க.

துப்பு குடுத்தது பொண்ணு தான். அவ அஞ்சாவது படிக்கிறா, ரிமோட் அமுக்கி அமுக்கி போரடிச்சு கதவ ஆட்டிக்கிட்டே அமுக்கிட்டு இருந்தா. "அப்பா, கதவு பாதி தொறந்திருக்கும்போது பூட்டுதுப்பா"ன்னா. சும்மா இரும்மா, வேலை பாக்கும்போது ஆட்டாதன்னு சொல்லிட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு தான் மண்டைல ஏறுச்சு. அவ சொன்ன கோணத்துல கதவ வச்சு அமுக்குனேன், டக். இன்னும் கொஞ்சம் திறந்தா ட்டிக். மூடுனா அதுவும் இல்ல.

கீழ் வீட்டு அண்ணன் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்ண வேணாம்னு இவ்வளவு நேரம் கேக்கல, அவரே சத்தம் கேட்டு வந்துட்டாரு. மீட்டர்ல 11.9 வருதுண்ணேன்னு சொன்னேன். "மீட்டர ஓரமா வை தம்பி, இண்டிகேட்டர் பல்பு இருக்கா?"ன்னாரு. பழைய 21 வாட் பல்புல ரெண்டு வயர் சுத்தி கன்னோட எடத்துல மாட்டுனாரு. ரிமோட் அமுக்குனா பல்பு எரியவே இல்ல, உள்ள கம்பி லேசா செவந்துட்டு அணைஞ்சுது. கதவ பாதில வச்சு அமுக்குனா பளிச்.

அப்புறம் உக்காந்து யோசிச்சா புரியுது. மீட்டருக்கு ஓட வேண்டிய கரண்ட் ஒண்ணுமே இல்ல, அதனால வயர் உள்ள முறிஞ்சு, முனை ரெண்டும் பச்சை பூத்துப்போய் சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாலே வோல்டேஜ் முழுசா காட்டிடும். 21 வாட் பல்புக்கு 21 வகுத்தல் 12, 1.75 ஆம்பியர் ஓடியாகணும். அவ்வளவு இழுத்தா அந்த கெட்ட எடத்துலயே வோல்டேஜ் பூரா செத்துடும், மோட்டாருக்கு மிச்சம் ஒண்ணும் போகாது. நான் மீட்டர வச்சு ஒரு வாரம் முழுக்க மோட்டார சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

மூணாவது ஞாயிறு. கதவுக்கும் பில்லருக்கும் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்குற தூண்) நடுவுல ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிஞ்ச ரப்பர் குழாய் இருக்குமே, வயர் அதுக்குள்ள தான் போகுது. கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் வயர் அங்க தான் மடங்கும். இடது பின் கதவு மட்டும் ஏன் போச்சுன்னா, நம்மூர்ல இடது பக்கம் தான் பிளாட்பாரம், ஸ்கூல் வாசல்ல பொண்ணு இறங்குறது, மார்க்கெட் பை ஏத்துறது, எங்கம்மா ஏறுறது எல்லாம் அந்த கதவு தான். வலது பின் கதவ நாங்க மாசத்துல ரெண்டு தடவை திறந்தா அதிகம். அது போக, கடைக்காரர் வயர கொஞ்சம் கூட லூஸ் விடாம டைட்டா இழுத்து கட்டி இருக்காரு.

ரப்பர ரெண்டு பக்கமும் நெம்பி எடுத்து, பில்லர் கீழ் பிளாஸ்டிக்க கழட்டி, வயர வெளிய எடுத்தேன். வெளிய பார்த்தா ஒரு குறையும் தெரியல, மேல் தோல் பளபளன்னு இருக்கு. இங்க ஒரு டிரிக், ரெண்டு விரலால புடிச்சு மெதுவா இழுத்து பாருங்க. உள்ள செம்பு முழுசா இருந்தா வயர் நீளாது, முறிஞ்சிருந்தா அந்த எடம் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். நீல வயர் அழகா நீண்டுச்சு. தோல கீறி பார்த்தா உள்ள பச்சைப் பவுடர். பச்சை வயர்ல இன்னும் சில இழை மிச்சம் இருந்துச்சு, அதுக்கும் நாள் எண்ணிட்டு தான் இருந்துது.

முறிஞ்ச எடத்துலயே ஒட்டு போட்டா வேலை சீக்கிரம் முடியும். ஆனா சால்டர் பண்ணா ஈயம் வயருக்குள்ள ஏறி அந்த எடம் குச்சி மாதிரி ஆயிடும், அப்புறம் அந்த குச்சி முடியுற எடத்துல மறுபடி முறியும். அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) 23/36 வயர் (23 மெல்லிசு இழை இருக்குறது) சிவப்பு கருப்பு ரெண்டு மீட்டர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் எல்லாம் சேர்த்து 70 ரூவாய்க்கு வாங்கியிருந்தேன், பழைய வயர அந்த நீளத்துக்கு மொத்தமா வெட்டி போட்டுட்டு, ஒரு ஜாயின்ட் கதவுக்கு உள்ள, ஒரு ஜாயின்ட் பில்லருக்கு உள்ள, நடுவுல மடங்குற எடத்துல ஜாயின்டே இல்லாத முழு வயர். ரப்பருக்குள்ள வயர நுழைக்க சைக்கிள் பிரேக் கேபிள் துண்டு ஒண்ண மொதல்ல விட்டு, அதோட முனைல வயர கட்டி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு இழுத்தேன், வழுக்கிட்டு வந்துடுச்சு. இந்த தடவ ரெண்டு விரல் அளவுக்கு லூஸ் விட்டிருக்கேன். வேலை செய்யும்போது ஃபியூஸ புடுங்கி வச்சிக்கிட்டேன், அத மட்டும் மறக்கல.

ஃபியூஸ போட்டுட்டு ரிமோட்ட அமுக்குனேன். டக்கு டக்குனு நாலு கதவு சத்தமும் கேட்டுச்சு, கைய தூக்கி பொண்ணுக்கு ஹைஃபைவ் குடுத்துட்டு போய் இழுத்து பார்த்தா இது மட்டும் திறந்திருக்கு. மறுபடி அமுக்குனா மூணு திறக்குது, இது பூட்டுது. சிவப்பு எது நீலத்துக்கு, கருப்பு எது பச்சைக்குன்னு கதவு பக்கம் ஒரு மாதிரி, பில்லர் பக்கம் ஒரு மாதிரி சேர்த்திருக்கேன். நல்ல வேளை ஸ்லீவ இன்னும் சுட வைக்கல, பிரிச்சு மாத்தி போட அஞ்சு நிமிஷம். வீட்டுக்காரம்மா பால்கனில இருந்து, "ஏங்க, நம்ம வண்டில ஒரு கதவு மட்டும் எதிர்க்கட்சியா?"ன்னு கேட்டது தெருவுக்கே கேட்டுச்சு.

கிழிஞ்ச பிளாஸ்டிக் ஷீட்ட டேப் போட்டு மூடி, அடி ஓட்டைல அடைச்சிருந்த மண்ண குச்சியால குத்தி எடுத்து, புது கிளிப் போட்டு ட்ரிம்ம மாட்டுனேன். கன் 380, கிளிப் 60, வயர் ஸ்லீவ் 70, மொத்தம் 510. அதுல 380 தேவையே இல்லாத செலவு. புது கன் கதவுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், பழசு கிளவ் பாக்ஸ்ல கெடக்குது.

ரெண்டு மாசம் ஆச்சு, நாலு கதவும் ஒழுங்கா பூட்டுது. கண்ணாடி ஹேண்டில மட்டும் தலைகீழா மாட்டிட்டேன் போல, மூடுன கண்ணாடிக்கு கைப்பிடி நேரா மேல நிக்குது, பொண்ணு ஸ்கூல் பைய அதுல தான் மாட்டுறா. மறுபடி அந்த லாடம் கிளிப்ப கழட்டி தெருல தேட எனக்கு தெம்பு இல்ல.