ஒரு ரிலீஸ் போட்டேன், மூன்றாக முடிந்தது

எங்கள் குழுவில் நாலே பேர். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தரும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றை (மற்ற நிரலர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) சம்பளமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்படி அடுக்கினால், தமிழ் மெய்களில் கடைசியில் வரவேண்டிய 'ன', 'ந'வுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் பின்னால் வரவேண்டிய கிரந்த எழுத்து 'ஜ' போய் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் நிற்கும். அதைச் சரிசெய்வதுதான் எங்கள் வேலை. இதுவரை ரிலீஸ், அதாவது புதிய பதிப்பை வெளியிடும் வேலை, பார்த்துவந்த அண்ணன் வீட்டில் குழந்தை பிறந்திருப்பதால், பொறுப்பு இந்த முறை என் தலையில்.

முதலில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன்காரர்கள் மாதிரி 'தயாரானதும் வெளியிடலாம்' என்று பெருந்தன்மையாக இருந்தேன். எதுவுமே தயாராகவில்லை. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு குடும்பம். யாரை விரட்ட முடியும்? அப்புறம் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு வழிக்கு மாறி, தேதியை முதலில் குறித்தேன். அவர்களுக்கு ஏப்ரல், அக்டோபர் என்று மாதம் கணக்கு. (2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போய், ஆண்டும் மாதமுமாக அதன் பதிப்பு எண் 6.06 ஆனதும் உண்டு. கேட்க ஆறுதலாக இருந்தது.) தேதிக்கு இரண்டு வாரம் முன்பே புதிய வசதிகளுக்குக் கதவை அடைத்தாயிற்று.

அடைத்த கதவை வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குத் தட்டினான் எங்கள் குழுவின் கடைக்குட்டி. 'ஶ' என்ற கிரந்த எழுத்துக்கும் வரிசையில் இடம் கொடுக்கும் மாற்றம். நன்றாகத்தான் எழுதியிருந்தான். "அண்ணே, பத்தே வரிதான், சேர்த்துடுங்களேன்." மறுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. காசு வாங்காமல் ராத்திரி கண்விழித்தவனிடம் 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று சொல்வது, நிரல் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை.

சனிக்கிழமை காலை நிரலுக்குப் பதிப்பு எண்ணோடு டேக் போட்டு, வீல் (நிறுவத் தயாரான பொதி) கட்டி, பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றினேன். 0.4.0. டெஸ்ட் எல்லாம் பச்சை. காபி ஆறுவதற்குள் அவனிடமிருந்தே செய்தி: "அண்ணே, இன்ஸ்டால் ஆகுது, ஆனா இம்போர்ட் பண்ணா விழுது."

முன்பு எழுத்து வரிசை நிரலுக்குள்ளேயே இருந்தது. இந்தப் பதிப்பில்தான் அதைத் தனி உரைக் கோப்பாகப் பிரித்தோம். அந்தக் கோப்பு வீலுக்குள் போகவே இல்லை. டெஸ்டுகள் என் மூலக் கோப்புறையிலிருந்து ஓடியதால் கோப்பு அங்கே பத்திரமாக இருந்தது; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப ஏற்றலாம் என்று பார்த்தால் பைபிஐ விடாது. ஒருமுறை போன கோப்புப் பெயர் போனதுதான். ஆகவே 0.4.0-வை 'யாங்க்' செய்தேன். அப்படிச் செய்தால், அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்பவர்களுக்குத் தவிர வேறு யாருக்கும், பொதிகளை நிறுவும் கருவியான பிப் அதை எடுத்துத் தராது. மதியம் 0.4.1.

மாலையில் விண்டோஸ் வைத்திருப்பவர் ஒருவர் புகார் அனுப்பினார். இதைத் துழாவியபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கோப்பைத் திறக்கும் இடத்தில், எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறிமுறை யூடிஎஃப்-8 என்று நான் குறிப்பிடவில்லை. என் லினக்ஸில் அதுதான் இயல்பு. அவர் கணினியோ விண்டோஸின் பழைய 1252 குறிமுறையில் வாசித்திருக்கிறது. அ, ஆ, இ என்று குப்பையாகவாவது வாசித்துக்கொண்டே 'எ' வரை தாண்டி, 'ஏ'யில் குப்புற விழுந்திருக்கிறது: அந்த எழுத்தின் மூன்றாவது பைட்டுக்கு 1252-இல் எழுத்தே கிடையாது. பைத்தான் 3.15-இலிருந்து யூடிஎஃப்-8 தானாகவே வரும் என்கிறார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு நாம்தான் எழுதித் தொலைக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு 0.4.2.

இப்போது வீலைக் கட்டியதும் வேறொரு கோப்புறையில் புத்தம்புதுச் சூழலில் நிறுவி, அங்கிருந்துதான் டெஸ்ட் ஓட்டுகிறேன், விண்டோஸிலும் ஓடுகிறது. முதலில் சோதனைக்கான டெஸ்ட்பைபிஐ, பிறகே அசல். 'ஶ' மாற்றத்தை ஞாயிற்றுக்கிழமை மூல நிரலோடு மெர்ஜ் செய்து சேர்த்துவிட்டேன். 0.5-க்கு ரிலீஸ் பார்க்கப்போவது கடைக்குட்டிதான். கதவை எப்போது அடைப்பது என்று இப்போதே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான்.