அம்பு எங்கிருந்து புறப்படுகிறது?

மூன்றாம் செமஸ்டர் கரிம வேதியியல் தாளில் 75-க்கு 22 வாங்கினேன். அகமதிப்பீட்டில் 25-க்கு 21 இருந்ததால், கூட்டினால் 40-ஐத் தாண்டிவிடும் என்று தைரியமாக இருந்தேன். எழுத்துத் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்ற விதியைத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன்.

அரியர் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள், வேதியியலே வேண்டாம், அரசியல் அறிவியலுக்கு மாறிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வருடம் வீணாகிவிடுமே கண்ணு" என்றார், அவ்வளவுதான். அதட்டியிருந்தால் சண்டை போட்டு மாறியிருப்பேன்.

கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். துறை மாறுவதென்றால் சேர்ந்த சில வாரங்களுக்குள், அதுவும் இடம் காலியாக இருந்தால்தான். இப்போது என்றால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறெங்காவது முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

மாடி வீட்டு அக்கா எம்.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தரமணியில் பறக்கும் ரயிலேறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவார். நானும் ஒட்டிக்கொண்டேன். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு. வீட்டின் ஒற்றை அறையில் தொலைக்காட்சிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே படித்தவர்களுக்குத்தான் அந்த அமைதியின் அருமை தெரியும்.

முதல் நாளே, ஓர் ஆல்கஹால் ஹைட்ரஜன் அயனியை ஏற்பதை வரையச் சொன்னார். ஹைட்ரஜன் அயனியிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பு போட்டேன். பென்சிலை வாங்கிக்கொண்டு, "அம்பு காட்டுவது எலக்ட்ரானின் நகர்வை. ஹைட்ரஜன் அயனியிடம்தான் எலக்ட்ரானே இல்லையே, அம்பு எங்கிருந்து புறப்படும்?" என்றார். இரண்டு வருடமாக நான் எல்லா வினைவழிமுறைகளையும் (வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று காட்டும் படங்களை) கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல நகலெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழி. அங்கே 'கருக்கவர் பொருள்' என்று படித்ததைத்தான் கல்லூரியில் நியூக்ளியோஃபைல் என்று புதிதாக உருப்போட்டிருக்கிறேன். நேர்மின்சுமையுள்ள கருவைத் தேடிப் போவது என்று தமிழ்ச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அன்று முதல் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பள்ளிச் சொல்லை எழுதத் தொடங்கினேன். சிலவற்றுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. அவற்றை உருத்தான் போட்டேன்.

ஆறு கார்பன்கள் வளையமாகச் சேர்ந்த வளையஹெக்சேன் மூலக்கூறின் நாற்காலி வடிவம் மட்டும் தாளில் வரைந்து வரைந்தும் பிடிபடவில்லை. அம்மா சுண்டலுக்கு ஊறவைத்திருந்த கொண்டைக்கடலையில் ஒரு பிடி எடுத்து, பல்குத்தும் குச்சிகளைச் செருகி ஆறு கார்பன் வளையம் செய்தேன். ஒரு முனையை மேலே தூக்கி எதிர்முனையைக் கீழே அழுத்தியதும், நிமிர்ந்தும் கவிழ்ந்தும் நின்ற குச்சிகள் எது அச்சுவாக்கில் நிற்பது, எது பக்கவாட்டில் போவது என்று தாமாகவே சொல்லிவிட்டன. மிச்சக் கடலை சுண்டலாயிற்று. வளையம் மூன்றாம் நாள் நாற்றமெடுத்தது.

ஏப்ரலில் மறுபடி எழுதினேன். 44. பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் ஒவ்வோர் அம்பும் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்து போட்டது.

அதற்காகக் கரிம வேதியியல்மேல் காதல் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது ஆய்வகத்தின் பருமனறி பகுப்பாய்வுதான்: ஒரு கரைசலோடு வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு தேவை என்று சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுவிடும்போது முதல் சொட்டின் நிறம் மறையத் தயங்கும். பிறகு, வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை விரட்ட, அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். அந்தச் சொட்டுக்காக பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். இந்த விருப்பத்தைத் துறை மாறும் யோசனையின்போது நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு தாளின் மேலிருந்த கோபம் மொத்தப் பாடத்தையும் மறைத்திருந்தது.

இப்போது இறுதியாண்டு. எம்.எஸ்சி.க்குப் பகுப்பாய்வு வேதியியல் என்று முடிவு செய்து விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் கரிம வேதியியல் ஒரு தாள் உண்டு என்கிறார் அக்கா.