சித்தப்பா கையில கட்டின கயிறு

சித்தப்பாவுக்கு 19 வயசுல காதுல குரல் கேக்க ஆரம்பிச்சப்போ மந்திரிச்சு கறுப்புக் கயிறு கட்டினாங்க, கயிறு இறுகி மணிக்கட்டுல தழும்பே விழுந்துச்சு, குரல் மட்டும் நிக்கல.

2016ல நேச்சர் இதழ்ல வந்த ஹார்வர்டு ஆராய்ச்சி ஒண்ணு, சுமார் 65,000 பேரோட டிஎன்ஏவ அலசுனது. ஆறாவது குரோமோசோம்ல சி4னு ஒரு ஜீன், கிருமிய அடையாளம் காட்டுற வேலை அதுக்கு, மூளையில அதே ஜீன் எந்த சினாப்ஸ, அதாவது நரம்பு செல்களுக்கு நடுவுல இருக்குற இணைப்ப, வெட்டணும்னும் குறி வைக்குது, எலிகள்ல பாத்திருக்காங்க. வளர்ற வயசுல இந்தக் களையெடுப்பு எல்லாருக்கும் நடக்குறதுதான், ஆனா சி4ஏ வகை அதிகமா வேலை செஞ்சா இல்லாத குரல் கேக்க வைக்குற ஸ்கிசோஃப்ரினியாங்குற மனநோய் வர்ற ரிஸ்க் கூடுது. இது ஒண்ணே காரணம் இல்ல, நூத்துக்கணக்கான ஜீன்கள்ல ஒண்ணு.

வளர்ப்பு சரியில்லனு ஊர் சொன்னத நம்பியே பாட்டி கடைசிவரைக்கும் அழுதாங்க, இத அவங்ககிட்ட படிச்சுக் காட்ட முடியலயேன்னு இருக்கு.