டைனசோரும் பத்து சதவீத சீரமும்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த வேலை பார்வைக்குச் சுலபம்தான். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிச் செல்கள் மேல் விட வேண்டும். செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். அடுத்த தட்டில், இப்படி இழுப்பதைத் தடுக்கும் டைனசோர் என்ற வேதிப்பொருளைப் போட்டு, புள்ளிகள் வராததைக் காட்ட வேண்டும்.

செல் சவ்வு உள்பக்கம் குழிந்து பையாகும்போது, அதன் கழுத்தை டைனமின் புரதம் வளையமாகச் சுற்றி, ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அறுத்துவிடும். டைனசோர் அந்தச் செலவை நிறுத்துகிறது. பை அறுபடாமல் சவ்விலேயே தொங்கும். 2006இல் டாம் கிர்ச்ஹவுசன் குழு சுமார் 16,000 வேதிப்பொருள்களைச் சலித்து எடுத்தது இது. கழுவிவிட்டால் செல் பழையபடி இயங்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய கவர்ச்சி.

என் தட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மருந்து போட்டதிலும் போடாததிலும் ஒரே மாதிரி புள்ளிகள். 80 மைக்ரோமோலார் கணக்கை மறுபடி மறுபடி போட்டேன். டைனசோரைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் ஃப்ரிட்ஜில் கல்லாக உறைந்துவிடும். சரியாகக் கரையவில்லையோ என்று குழாயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன். புது பாட்டில் வாங்கித்தரச் சொல்லிச் சண்டையும் போட்டாயிற்று. மூன்று வாரம் இப்படியே போனது.

ஒருநாள் சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "மீடியத்துல சீரம் இருக்கா?"

"ஆமாக்கா, எப்பவும் போல பத்து பர்சன்ட்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் ஊட்டத்துக்காகச் சேர்க்கும் இரத்தத் திரவம்தான் சீரம். அதிலுள்ள புரதங்கள் டைனசோரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லுக்கு மிச்சம் வராது. அன்று மாலையே சீரம் இல்லாத மீடியத்தில் செய்து பார்த்தேன். உள்ளே இருட்டு, செல்லின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு. அந்தப் படத்தை அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்.

அப்புறம்தான் 2013இல் வந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். டைனமின் மரபணுக்கள் மூன்றையும் நீக்கிய எலிச் செல்களிலும் டைனசோர் வேலையைக் காட்டியிருக்கிறது. செல் திரவத்தை விழுங்குவது குறைந்திருக்கிறது, சவ்வு அலையலையாக மடிவதும் அடங்கியிருக்கிறது. டைனமினே இல்லாத இடத்தில் அது எதைத் தடுத்தது? அப்படியானால் என் பச்சைக் கோட்டில் டைனமினின் பங்கு எவ்வளவு?

இப்போது புதிதாகச் சேர்ந்த தம்பி டைனசோர் படத்தோடு வந்தால், டைனமினைக் குறைத்த செல்லின் படம் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். அவன் முகம் போகும் போக்கு எனக்கு நன்றாகவே தெரிந்ததுதான்.